பல்கலைக்கழக நெட்வொர்க்கில் சொந்த யுனிக்ஸ் கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வக மேசையிலோ விடுதி அறையிலோ சொந்தக் காசில் வாங்கிய லினக்ஸ் கணினியை வைத்து, பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இணைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் டெபியன், உபுண்டு முறைப்படி உள்ளன. மற்ற விநியோகங்களில் பெயர் மாறலாம், வேலை அதேதான்.

கணினி என்னுடையது. கணினி மையத்துக்கு இதில் என்ன பேச்சு?

கணினி உங்களுடையது, ஐபி முகவரி அவர்களுடையது. உங்கள் இயந்திரம் வெளியே யாரையாவது தொந்தரவு செய்தால் புகார் பல்கலைக்கழகத்துக்குத்தான் போகும். பெரும்பாலும் சுவிட்சில் உங்கள் போர்ட்டை முதலில் அணைத்துவிட்டு, அது யாருடையது என்று பிறகுதான் தேடுவார்கள். அதனால் பதிவு செய்யும்போது விடுமுறையிலும் எடுக்கும் தொலைபேசி எண்ணையும் சரியான அறை எண்ணையும் கொடுங்கள். பயன்பாட்டு விதிகள் முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் நான்கு விஷயங்களையாவது தேடிப் பாருங்கள்: சொந்த சர்வர், சொந்த வைஃபை ரவுட்டர், வெளியிலிருந்து உள்நுழைவு, தனியார் கணினியில் ஆய்வுத் தரவு. கடைசியதைப் பலர் கவனிப்பதில்லை. மனிதர்களைப் பற்றிய தரவு, ஒப்பந்தத்தின்கீழ் வந்த தரவு ஆகியவற்றைச் சொந்த இயந்திரத்தில் வைக்கவே பல இடங்களில் அனுமதி கிடையாது.

இன்னொரு பக்கமும் உண்டு: ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கிறது. பழுதானால் வந்து பார்க்க அவர்களுக்குக் கடமை இல்லை.

கம்பியைச் செருகினால் பதிவுப் பக்கம் மட்டும் வருகிறது. மேக் முகவரியை (நெட்வொர்க் அட்டையின் வன்பொருள் எண்ணை) ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேனே?

வைஃபை அட்டையின் முகவரியைப் பதிந்துவிட்டு ஈதர்நெட்டைச் செருகியிருப்பீர்கள். 'ஐபி லிங்க்' கட்டளை ஒவ்வொரு இடைமுகத்துக்கும் தனி முகவரி காட்டும். யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டருக்கும் டாக்குக்கும் அவற்றின் சொந்த முகவரி இருக்கும். அடாப்டரை மாற்றினால் பதிவையும் மாற்ற வேண்டும். சில வெளியீடுகளில், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் வைஃபைக்குப் போலி முகவரியை உருவாக்கிக்கொள்ளும். அந்த இணைப்பின் அமைப்பில் 'க்ளோன்ட் மேக்' என்ற இடத்தில் 'பெர்மனென்ட்' என்று வைத்துவிட்டால் உண்மையான முகவரி போகும்.

மெய்நிகர் இயந்திரங்களை பிரிட்ஜ் முறையில் (ஒவ்வொன்றும் தன் சொந்த மேக் முகவரியோடு வெளியே தெரியும்படி) இணைக்காதீர்கள். ஒரே போர்ட்டில் இரண்டாவது மேக் முகவரி தென்பட்டதும் போர்ட்டை மூடிவிடும்படி பல சுவிட்சுகள் அமைக்கப்பட்டிருக்கும். நாட் முறை (எல்லாம் உங்கள் கணினியின் முகவரியிலேயே வெளியே போவது) போதும். அதைவிட மோசமானது, உள்ளுக்குள் ஓடும், ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் தவறிப்போய்க் கம்பிக்கு வெளியே பதில் சொல்வது. கட்டடத்தின் அந்தத் தளம் முழுவதும் தவறான ஐபி வாங்கிக்கொண்டு நிற்கும், தேடிவருபவர் நேரே உங்கள் கதவைத்தான் தட்டுவார்.

எடுரோம் (பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபை) எங்கள் வளாகத்தில் வேலை செய்கிறது, வேறு பல்கலைக்கழகத்தில் செய்யவில்லை. ஏன்?

பயனர் பெயரில் '@' குறிக்குப் பின்னால் வரும் நிறுவனப் பகுதியை விட்டிருப்பீர்கள். சொந்த வளாகத்தில் சர்வர் அதை ஊகித்துக்கொள்ளும். வெளியூரில் கோரிக்கையை எந்த நிறுவனத்துக்கு அனுப்புவது என்பதே அந்தப் பகுதியை வைத்துத்தான். முழுப் பெயரையும் கொடுங்கள்.

சான்றிதழ் சரிபார்ப்பை 'தேவையில்லை' என்று டிக் செய்து கடந்துபோவதுதான் லினக்ஸ் பயனர்கள் அதிகம் செய்யும் தவறு. எடுரோம் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு வைஃபை திறக்கலாம். சரிபார்ப்பு இல்லாத கணினி அதனிடமும் கடவுச்சொல் பேச்சுவார்த்தையைத் தொடங்கிவிடும். பிடிபட்டதை வைத்து நிதானமாக உடைக்கலாம். சிஏ சான்றிதழ் (சர்வரின் சான்றிதழுக்கு உறுதி தரும் அமைப்பின் சான்றிதழ்), சர்வரின் டொமைன் பெயர் இரண்டையும் நிரப்புங்கள். எடுரோமின் 'கேட்' என்ற அமைப்புதவித் தளத்தில் உங்கள் நிறுவனத்துக்கான பைதான் நிறுவி கிடைத்தால் அதுவே இரண்டையும் சரியாக அமைத்துவிடும்.

உபுண்டு 22.04க்கு மாறியதும் இணைப்பு நின்றுபோனால் கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கம் இல்லை. குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3, பழைய டிஎல்எஸ் (இணைப்புக் குறியாக்க நெறிமுறை) வடிவங்களை மறுக்கிறது, சர்வர் இன்னும் பழையதையே பேசுகிறது. ஜர்னலில் (கணினியின் பதிவேட்டில்) உள்ள பிழை வரியோடு கணினி மையத்துக்கு எழுதுங்கள்.

இணையம் முழுவதும் வருகிறது, நூலகத் தளம் மட்டும் திறக்கவில்லை. அவர்கள் தடுத்துவிட்டார்களா?

நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரை நிறுவியிருக்கிறீர்களா? அப்படியென்றால் யாரும் தடுக்கவில்லை. டாக்கர் தன் முதல் பிரிட்ஜுக்கு (உள் நெட்வொர்க்குக்கு) 172.17.0.0/16 தொகுதியை எடுத்துக்கொள்ளும். பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கம்போஸ் திட்டம் ஒவ்வொன்றும் அடுத்தடுத்து 172.18, 172.19 என்று பிடித்துக்கொண்டே போகும். பல்கலைக்கழகங்கள் உள் சர்வர்களுக்கு இதே 172.16.0.0/12 எல்லைக்குள் முகவரி கொடுத்திருப்பது சகஜம். நூலக சர்வர் 172.18.4.20 என்றால், உங்கள் கணினி அதை உள்ளே ஓடும் கன்டெய்னர் என்று நினைத்துப் பொட்டலத்தை வெளியே அனுப்பாது.

உறுதிசெய்ய 'ஐபி ரூட் கெட்' கட்டளைக்கு அந்த சர்வரின் முகவரியைக் கொடுங்கள். பதிலில் ஈதர்நெட் இடைமுகத்துக்குப் பதில் டாக்கரின் பிரிட்ஜ் பெயர் வந்தால் அதுதான் காரணம். ஈடிசி அடைவுக்குள் உள்ள டாக்கர் அடைவில் டீமன் ஜேசன் கோப்பைத் திறந்து, 'பிஐபி' மதிப்பாக 10.200.0.1/24, 'டிஃபால்ட் அட்ரஸ் பூல்ஸ்' மதிப்பாக 10.201.0.0/16, அளவு 24 என்று வையுங்கள். வளாகத்தில் 10 தொகுதியும் புழங்குகிறது என்றால் அவர்கள் தொடாத ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள். டாக்கரை மறுதொடக்கம் செய்த பிறகும் ஏற்கெனவே உருவான கம்போஸ் நெட்வொர்க்குகள் பழைய முகவரியிலேயே இருக்கும். அவற்றை 'டவுன்' செய்து மீண்டும் ஏற்ற வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மாற்றம் பலிக்கவில்லை என்று கைவிடுகிறார்கள்.

டாக்கரைப் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடலாம்: அது திறக்கும் போர்ட்டுகளை (சுவிட்சின் துளையல்ல, நிரல்கள் இணைப்பு ஏற்கும் எண்கள்) யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுக்காது. டாக்கர் தன் விதிகளை வேறு சங்கிலியில் எழுதுவதால் உங்கள் 'டினை' (தடு) விதியை அந்தப் பொட்டலங்கள் சந்திப்பதே இல்லை. ஜுபிட்டர் நோட்புக்கோ தரவுத்தளமோ ஏற்றும்போது போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதுங்கள்.

வெளியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலை உள்நுழைவு) வழியாக வர வேண்டும். எதையெல்லாம் மாற்றுவது?

சாவி மட்டும், கடவுச்சொல் வேண்டாம். இதைச் செய்துவிட்டால் மற்றவை எல்லாம் உபரி. 'எஸ்எஸ்எச் கீஜென்' கொண்டு இடி25519 வகைச் சாவி உருவாக்கி, பொதுச் சாவியை ஏற்றி, உள்ளே வர முடிகிறதா என்று பார்த்த பிறகு, சர்வர் அமைப்பில் 'பாஸ்வேர்ட் ஆத்தென்டிகேஷன்', 'கேபிடி இன்டராக்டிவ் ஆத்தென்டிகேஷன்' இரண்டையும் 'நோ' ஆக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கடவுச்சொல் பாம் (உள்நுழைவைச் சரிபார்க்கும் அமைப்பு) வழியாக இன்னொரு வாசலில் நுழையும்.

மாற்றியும் கடவுச்சொல் கேட்கிறதா? எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்பில் முதலில் வரும் மதிப்புதான் செல்லும், கடைசி அல்ல. உபுண்டுவில் முதன்மைக் கோப்பின் தொடக்கத்திலேயே துணை அடைவில் உள்ள கோப்புகள் சேர்க்கப்படுகின்றன. நிறுவியபோது ஆரம்ப அமைப்பைச் செய்யும் கிளவுட்இனிட் அங்கே 'எஸ்' (ஆம்) என்று எழுதி வைத்திருந்தால் நீங்கள் கீழே எழுதிய 'நோ' வீண். சர்வர் நிரலைப் பெரிய 'டி' ('டெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து) விருப்பத்தோடு இயக்கினால் உண்மையில் நடப்பில் உள்ள மதிப்புகள் அனைத்தும் வரும். சிறிய 'டி' எழுத்துப்பிழையைச் சோதிக்கும். மறுதொடக்கத்துக்கு முன் திறந்திருக்கும் ஓர் இணைப்பை மூடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி இருந்தும் மறுக்கப்பட்டால் அனுமதிகளைப் பாருங்கள். எஸ்எஸ்எச் அடைவு 700, சாவிக் கோப்பு 600, ஹோம் அடைவில் குழுவுக்கு எழுதும் உரிமை இருக்கக் கூடாது. ஆய்வுக்குழுவோடு பகிர்வதற்காக ஹோமை 775 ஆக்கியவர்கள் இதில் மாட்டுவார்கள்.

திரும்பத் திரும்பத் தவறும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் பதிவேட்டின் இரைச்சலைக் குறைக்கும், அவ்வளவுதான். வளாகத்தின் நாட் முகவரி அதில் தடைபட்டால் ஒரே நேரத்தில் எல்லோரும் வெளியே நிற்பீர்கள்.

வேறு எந்தப் போர்ட்டுகள் திறந்திருக்கின்றன என்று எப்படிப் பார்ப்பது?

ரூட்டாக 'எஸ்எஸ்' கட்டளை, டிசிபி, யுடிபி, கேட்பவை, நிரல் பெயர், எண்வடிவம் என்ற விருப்பங்களோடு. 127.0.0.1 என்று வருபவை உள்ளுக்குள் மட்டும். 0.0.0.0 அல்லது நட்சத்திரக்குறியோடு வருபவை ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். சந்தேகமான ஒன்றைச் சொல்வதானால் பிரிண்டர்களைத் தேடும் கப்ஸ்பிரவுஸ்டு: 2024 செப்டம்பரில் வெளியான குறை, யுடிபி 631இல் யார் அனுப்பிய பொட்டலத்தையும் அது நம்புவதிலிருந்துதான் தொடங்கியது. பிரிண்டரின் முகவரி தெரிந்தால் அந்தச் சேவையே வேண்டாம். பிரிண்டரின் ஐபிபி (அச்சு நெறிமுறை) முகவரியைக் கையால் கொடுத்து 'எவ்ரிவேர்' மாடலில் சேர்த்துவிடலாம்.

என் விருப்பப்படி மாற்றுவதை எங்கே செய்வது, எங்கே தொடக்கூடாது?

அடிப்படை அமைப்பு சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமாக இருக்கட்டும். மாற்றங்கள் எல்லாம் மூன்றே இடங்களில்: ஹோம் அடைவு, யுஎஸ்ஆர் லோக்கல், ஈடிசி. யுஎஸ்ஆர் அடைவின் மற்ற பகுதிகள் பேக்கேஜ் மேலாளரின் சொத்து, அடுத்த அப்டேட்டில் உங்கள் கைவேலையைக் கேட்காமலேயே துடைத்துவிடும். ஈடிசியை முதல் நாளே ஈடிசிகீப்பர் கொண்டு கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) களஞ்சியத்தில் போடுங்கள். ஆறு மாதம் கழித்து 'இந்த வரியை ஏன் மாற்றினேன்' என்பதற்கு அங்கே பதில் இருக்கும். கடவுச்சொல் ஹாஷ்களும் அதில் சேரும் என்பதால் அந்தக் களஞ்சியத்தை வெளியே எங்கும் தள்ளாதீர்கள்.

பைதானில் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்தான் அதிகம் அடிபட்டிருக்கிறார்கள். 2023இல் வந்த டெபியன் 12 முதல் அமைப்பின் பைதானுக்குள் அதன் பேக்கேஜ் நிறுவியான பிப் எதையும் நிறுவ மறுக்கிறது. அதை மீறும் விருப்பம் ஒன்று பிழைச் செய்தியிலேயே இருக்கிறது. அதைத் தொடாதீர்கள், 'சூடோ பிப்' பக்கமே போகாதீர்கள். திட்டத்துக்கு ஒரு வென்வ் (தனிப் பைதான் சூழல்), தனிக் கருவிகளுக்குப் பிப்எக்ஸ். ஆவணம் அச்சுக்கோக்கும் டெக்லைவ் விஷயத்தில் ஏதாவது ஒரு வழி: முழுவதும் ஆப்ட் (பேக்கேஜ் மேலாளர்) மூலம், அல்லது முழுவதும் அதன் சொந்த நிறுவி மூலம் யுஎஸ்ஆர் லோக்கலில். இரண்டையும் கலந்தால் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பாத் (நிரல்களைத் தேடும் அடைவுகள்) வரிசையைத் துருவ வேண்டியிருக்கும்.

பாஷ்ஆர்சியில் (பாஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பில்) ஒரு வாழ்த்துச் செய்தி சேர்த்தேன். அதிலிருந்து கோப்பு நகலெடுப்பது நின்றுவிட்டது.

கோப்பு நகலெடுக்கும் எஸ்எஃப்டிபி, ஆர்சிங்க் இரண்டும் தொலைக் கணினியின் ஷெல் வழியாகவே தம் சர்வரைத் தொடங்குகின்றன. பாஷ் அப்போதும் பாஷ்ஆர்சியைப் படிக்கும். நீங்கள் அச்சிட்ட வாழ்த்து, நெறிமுறையின் முதல் பைட்டுகளாகப் போய்ச் சேரும். 'செய்தி மிக நீளம், 1466264675' என்பதுபோல் பிழை வந்தால் அந்த எண் தற்செயலானது அல்ல. பெரிய எழுத்தில் தொடங்கும் 'வெல்கம்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளை ஒரு நீள எண்ணாகப் படித்தால் கிடைப்பது அதுதான்.

டெபியன் தரும் பாஷ்ஆர்சியின் தொடக்கத்தில், ஊடாடும் ஷெல் இல்லையென்றால் திரும்பிவிடும் சில வரிகள் இருக்கும். அச்சிடும் எதுவும் அதற்குக் கீழேதான் வர வேண்டும். நேர்மாறான கோளாறும் உண்டு: பாத் மாற்றத்தைக் கீழே எழுதினால் எஸ்எஸ்எச் வழியாக நேரடியாகக் கொடுக்கும் கட்டளைக்கு அது தெரியாது, 'கட்டளை இல்லை' என்று வரும். பாத் மேலே, வாழ்த்து கீழே.

அப்டேட்டைத் தானாக ஓட விடலாமா?

பாதுகாப்பு அப்டேட்டுகளை விடுங்கள். அவற்றைத் தானாக நிறுவும் அனட்டெண்டட் அப்கிரேட்ஸ் இயல்பாக ரீபூட் செய்யாது. வாரக்கணக்கில் ஓடும் கணக்கீட்டுக்கு அது நல்லது. ஆனால் புதிய கர்னல் (இயங்குதளத்தின் மையம்) ரீபூட் ஆகும்வரை வட்டில் தூங்கும். 'நீட்ரீஸ்டார்ட்' கருவி, மறுதொடக்கத்துக்கு எது காத்திருக்கிறது என்று சொல்லும். ஓர் ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் ரீபூட் செய்யுங்கள். பூட் பிரிவு (வட்டில் கர்னல்கள் இருக்கும் பகுதி) தனியாக, சிறியதாக இருந்தால் பழைய கர்னல்கள் அதை நிரப்பி அப்டேட்டைப் பாதியில் நிறுத்தும். 'ஆட்டோரிமூவ்' அதற்குத்தான்.

கர்னல் மாறியதும் திரை கறுப்பு. என்விடியா அட்டை.

பூட்டின்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்து உள்ளே வாருங்கள். இரண்டு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, கர்னலுக்குரிய ஹெடர் பேக்கேஜ் இல்லாததால் டிகேஎம்எஸ் என்ற கருவி என்விடியா மாட்யூலைக் கட்டவில்லை. தனிப் பதிப்பு எண் இல்லாத மெட்டாபேக்கேஜை நிறுவினால் இனி ஹெடர் கர்னலோடு சேர்ந்தே வரும். இரண்டு, செக்யூர்பூட் கையெழுத்தில்லாத மாட்யூலை மறுக்கிறது. 'மாக்யூட்டில்' கொண்டு சாவியை இறக்குமதி செய்து ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கொடுங்கள். அடுத்த பூட்டில் நீலத்திரை வரும், ஏதாவது விசையைத் தட்ட 10 வினாடிகள்தான். தவறவிட்டால் கோரிக்கை ரத்தாகிவிடும், இறக்குமதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எஸ்எஸ்எச்சில் வீட்டிலிருந்து இதைச் செய்ய வழியில்லை. விசைப்பலகைக்கு முன் ஆள் வேண்டும்.

இரவில் ஓட விட்ட வேலை காலையில் நின்று கிடக்கிறது.

கணினி தூங்கிப் போயிருக்கும். க்னோமின் உள்நுழைவுத் திரை தன் சொந்த அமைப்பின்படி சிறிது நேரத்தில் உறங்கச் செய்யும். நீங்கள் எஸ்எஸ்எச்சில் இருப்பது அதற்குக் கணக்கே இல்லை, உங்கள் கணக்கில் அணைத்துவைத்த விருப்பமும் அங்கே செல்லாது. 'சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்' கொண்டு ஸ்லீப், சஸ்பெண்ட் இலக்குகளை மூடிவிடுங்கள்.

அது இல்லையென்றால் நினைவகம் தீர்ந்திருக்கும். கர்னல் பதிவில் 'ஓஓஎம்' (நினைவகப் பற்றாக்குறை) என்று தேடுங்கள். 64 ஜிபி கணினியில் கணக்கீட்டை 'சிஸ்டம்டி ரன்' வழியாகப் பயனர் ஸ்கோப்பாக (உங்கள் கணக்கின்கீழ் தனிக் குழுவாக), 'மெமரிமேக்ஸ்' 56 ஜிபி என்ற வரம்போடு தொடங்கினால், வரம்பு மீறும்போது அந்த வேலை மட்டும் சாகும். எஸ்எஸ்எச்சும் டெஸ்க்டாப்பும் பிழைக்கும். கடைசி இணைப்பை மூடியதும் பயனர் ஸ்கோப்புகளும் மூடப்படும் என்பதால் 'லாகின்சிடிஎல்' கொண்டு லிங்கரை (வெளியேறிய பிறகும் வேலைகளை ஓட விடும் அமைப்பை) இயக்கி வையுங்கள்.

பல்கலைக்கழக ஹோம் அடைவை என் கணினியில் மவுண்ட் செய்யலாமா?

சாதாரண என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) வழியாகத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. அந்த முறையில் பயனர் எண்ணைச் சொல்வது உங்கள் கணினி. நீங்கள் ரூட் என்பதால் யாருடைய எண்ணை வேண்டுமானாலும் சொல்லலாம். கெர்பரோஸ் (அடையாளச் சரிபார்ப்பு) கூடிய என்எஃப்எஸ் அல்லது எஸ்எம்பி கிடைக்குமா என்று கேளுங்கள், இல்லையென்றால் எஸ்எஸ்எச்எஃப்எஸ். கெர்பரோஸில் நுழையும் 'கேஇனிட்' கட்டளை, கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுத்தால் கடிகாரத்தைப் பாருங்கள். வழக்கமான வரம்பு 5 நிமிட வித்தியாசம்தான். வெளி என்டிபி (நேரம் தரும்) சர்வர்களை வளாகம் தடுத்திருந்தால், கடிகாரத்தை ஒத்திசைக்கும் குரோனிக்கு உள் சர்வரின் பெயரைக் கொடுங்கள். விண்டோஸோடு சேர்த்து வைத்திருப்பவர்களுக்குக் கடிகாரம் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுவது அதற்குக் காரணம்.

பல்கலைக்கழக லைசன்ஸ் மென்பொருளைப் போடலாமா?

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள்: சில லைசன்ஸ்கள் நிறுவனம் வாங்கிய கணினிகளுக்கு மட்டுமே. அனுமதி இருந்தும் வீட்டிலிருந்து விபிஎன்னில் லைசன்ஸ் கிடைக்கவில்லை என்றால், லைசன்ஸ் வழங்கும் ஃப்ளெக்ஸ்எல்எம் இரண்டு போர்ட்டுகள் கேட்பது காரணமாக இருக்கலாம். முதன்மைப் போர்ட் 27000 முதல் 27009 வரை ஒன்று. வெண்டர் டீமன் (மென்பொருள் நிறுவனத்தின் துணை நிரல்) கேட்கும் போர்ட்டை லைசன்ஸ் கோப்பில் நிலைப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு தொடக்கத்திலும் அது மாறும், ஃபயர்வால் அதை அறியாது. சர்வரை நடத்துபவர்தான் சரிசெய்ய முடியும்.

வட்டைக் குறியாக்கம் செய்தால் தொலைவிலிருந்து ரீபூட் செய்ய முடியாதே?

முடியும். கதவு பூட்டாத ஆய்வகத்தில் குறியாக்கம் இல்லாமல் வைக்கவே கூடாது. டிராப்பேர் இனிட்ராம்எஃப்எஸ் பேக்கேஜ், பூட்டின் தொடக்கத்திலேயே ஒரு சிறு எஸ்எஸ்எச் சர்வரை ஏற்றும். அதில் நுழைந்து லக்ஸ் (லினக்ஸின் வட்டுக் குறியாக்கம்) கடவுச்சொல்லைக் கொடுக்கலாம். அதற்கு வேறு போர்ட் கொடுங்கள், இல்லையென்றால் ஹோஸ்ட் சாவி மாறிவிட்டதாக உங்கள் கிளையன்ட் ஒவ்வொரு முறையும் அலறும். சாவியைச் சேர்த்த பின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கப் படிமத்தை) புதுப்பிக்க மறக்காதீர்கள். ஊருக்குப் போகும் முன் ஒருமுறை அறையிலிருந்தபடியே ஒத்திகை பார்த்துவிடுங்கள். லக்ஸ் ஹெடரின் நகலை வேறிடத்தில் வையுங்கள். அந்தச் சில மெகாபைட்டுகள் சிதைந்தால் சரியான கடவுச்சொல்லும் உதவாது.

பேக்கப்?

ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் நிரல், தினமும், வேறொரு கட்டடத்துக்கு. 'டிலீட்' விருப்பத்தோடு ஓடும் ஆர்சிங்க் பேக்கப் அல்ல. நேற்று தவறி அழித்ததை இன்று அங்கேயும் அழித்துவிடும். சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறையில் இலக்கை அமைத்தால், உங்கள் கணினியில் ரூட் ஆனவன் பேக்கப்பை அழிக்க முடியாது. கேஷ், வென்வ், கன்டெய்னர் படிமங்களை விட்டுவிடுங்கள். ஈடிசியையும் நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை வேறு அடைவில் மீட்டுத் திறந்து பாருங்கள்.

வன்பொருளில் எதைக் கவனிப்பது?

'ஸ்மார்ட்சிடிஎல்' அறிக்கையில் சுழலும் வட்டுக்கு 5 (மாற்றப்பட்ட செக்டர்கள்), 197 (சந்தேகத்துக்குரிய செக்டர்கள்), 198 (சரிசெய்ய முடியாதவை) ஆகிய எண்கள். 197 பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் வட்டை மாற்ற வேண்டிய நேரம். என்விஎம்இக்கு 'பர்சன்டேஜ் யூஸ்டு', 'மீடியா எரர்ஸ்'. தூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊதித் தள்ளுங்கள். ஊதும்போது மின்விசிறியைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ரீபூட்டுக்குப் பின் தேதி பழையதாக வந்தால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி. காரணமே புரியாமல் நிரல்கள் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் மென்பொருளைக் குடைவதற்கு முன் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஸை ஓர் இரவு முழுக்க ஓட்டுங்கள்.

பழைய சன் பணிநிலையம் ஒன்று கிடைத்தது. மேக் முகவரி எல்லாம் 'எஃப்' ஆக வருகிறது.

என்விராம் (அமைப்புகளைக் காக்கும் நினைவக) சில்லு செத்துவிட்டது. சன்னின் ஸ்பார்க்ஸ்டேஷன்களில் எம்48டி02, எம்48டி08 போன்ற சில்லுகளின் தலைக்குள்ளேயே பேட்டரி புதைந்திருக்கும், மேக் முகவரியும் ஹோஸ்ட்ஐடியும் அதில்தான் இருக்கும். புதிய சில்லு போட்டு 'ஓகே' நிலையிலிருந்து மதிப்புகளை எழுதலாம். விசைப்பலகை இல்லாமல் இயக்கினால் தொடர் போர்ட்டில் 9600 வேகத்தில் பேசும். அதை நேரடியாக வளாக நெட்வொர்க்கில் விடாதீர்கள். 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 முதல் பழைய ஆர்எஸ்ஏ எஸ்எச்ஏ1 கையெழுத்து இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் எஸ்எஸ்எச்சும் சண்டித்தனம் செய்யும்.

கணினியில் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

கம்பியைப் பிடுங்குங்கள், மின்சாரத்தை அல்ல. நினைவகத்தில் இருப்பது தேவைப்படலாம். பல்கலைக்கழகக் கடவுச்சொல்லை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். இந்த இயந்திரத்தில் இருந்த எஸ்எஸ்எச் சாவிகளை அவை ஏற்றப்பட்ட எல்லா இடங்களிலிருந்தும் நீக்குங்கள், கிளஸ்டர் உட்பட. பிறகு கணினி மையத்துக்கு நீங்களே சொல்லுங்கள். ரூட் போயிருந்தால் சுத்தம் செய்வது என்ற பேச்சே இல்லை: வட்டை அழித்து, புதிதாக நிறுவி, தரவை மட்டும் பேக்கப்பிலிருந்து எடுங்கள்.

படிப்பு முடிந்து கிளம்புகிறேன். கணினியை விற்கலாமா?

ஆய்வுத் தரவைக் குழுவிடம் ஒப்படைத்து, லைசன்ஸ்களை நீக்கி, மேக் முகவரிப் பதிவை ரத்து செய்யுங்கள். ரத்து செய்யாவிட்டால் வாங்கியவர் அதே வளாகத்தில் செய்வதெல்லாம் உங்கள் பெயரில் பதிவாகும். லக்ஸ் வட்டு என்றால் 'கிரிப்ட்செட்டப் இரேஸ்' எல்லாச் சாவி இடங்களையும் அழித்துவிடும். முன்பு எடுத்து வைத்த ஹெடர் நகலையும் அழியுங்கள், அது இருக்கும்வரை வட்டு திறக்கும். குறியாக்கம் இல்லாத என்விஎம்இ என்றால் 'என்விஎம்இ ஃபார்மட்' கட்டளையைப் பாதுகாப்பான அழிப்பு விருப்பத்தோடு கொடுங்கள்.